இடம் தப்பாத புள்ளி

பெயரையெல்லாம் மறைத்தாயிற்று. தொழிற்சாலைக்கு ‘அ’ என்று ஓர் எழுத்து, அதன் மேலாளருக்கு ‘மூன்றாம் நபர்’ என்று ஒரு பட்டம். பேட்டி கொடுத்த அந்த மேலாளரைப் பெண்ணிலிருந்து ஆணாக மாற்றி, அவர் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் ‘அட போ’வையும் வெட்டித் தள்ளியாயிற்று. இத்தனை கெட்டிக்காரத்தனமும் பண்ணிய புவியியல் ஆராய்ச்சிக்காரி, வரைபடத்தில் மட்டும் அந்தத் தொழிற்சாலையை அது இருக்கிற இடத்திலேயே, ஆற்று வளைவுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, அச்சு அசலாகக் குத்தி வைத்திருந்தாள். வேறு படிப்புக்காரர் யாராவது இதைச் செய்வார்களா? பொய்ப் பெயர் எழுதச் சொன்னால் கூசாமல் எழுதுவாள். புள்ளியைப் பொய்யாக வைக்கச் சொன்னால் கை வராது. அப்படி வளர்ந்த ஜென்மம்.

தப்பு கண்ணில் பட்டது கருத்தரங்கு மண்டபத்தில், தேநீர் இடைவேளையில். துறைத் தலைவர் ஆசையாகப் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, நுழைவாயிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, மேலே விளக்கு வேறு போட்டிருந்தார். கோப்பையோடு நிமிர்ந்து பார்த்தவள், குடிக்காமலே அதைக் கீழே வைத்தாள்.

அவள் ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு உலகம் பூராவும் அலைந்திருக்கிறாள், அவ்வளவுதான். துணி ஒரு நாட்டில், ஜிப் ஒரு நாட்டில், தையல் இன்னொரு நாட்டில். இதையெல்லாம் ஆட்டிவைக்கிற தலைமை அலுவலகங்களும் வங்கிகளும் வக்கீல்களும் நாலைந்து பெருநகரங்களில். அந்த நகரங்களுக்குப் படத்தின் மேல்பாதியில் வட்டம், செல்வாக்குக்குத் தக்க அளவில். கீழ்ப்பாதியில் தொழிற்சாலைகளுக்குப் புள்ளி. நடுவே கோடுகள். மேலே இருக்கிறவன் ஒரு வார்த்தை சொன்னால் கீழே இருக்கிறவன் தூக்கம் போகிறது என்பதைத்தான் முந்நூறு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்.

‘அ’ புள்ளியிலிருந்து மட்டும் இரண்டு மெல்லிய கோடுகள் பக்கத்திலிருந்த இரண்டு குட்டிப் புள்ளிகளுக்குப் போயின. அங்கேதான் ஆபத்து. ஆர்டர் தலைக்கு மேல் போகும்போது அந்தத் தொழிற்சாலை வெளியே இரண்டு சின்னத் தையல் கூடங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும். மழைக்கோட்டை வாங்குகிற கொள்முதல் கம்பெனி இதை அனுமதிப்பதில்லை, அதற்குத் தெரியவும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். இதை அவளிடம் சொன்னது யார்? அவள் சொந்த அண்ணி. அந்தத் தொழிற்சாலையின் ஏற்றுமதி மேலாளர்.

“உன் படிப்புக்கு உதவும்னா எழுதிக்கோ பூகோளம்,” என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள் அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாருக்கு அவள் வைத்த பெயர் அதுதான். “என் தலை மட்டும் உருளாம பாத்துக்கோ. உங்க அண்ணனுக்கு வேலை போனதுலேர்ந்து வீடு என் சம்பளத்துலதான் ஓடுது, தெரியும்ல?”

“உங்க பேரு எங்கயுமே வராது அண்ணி,” என்று இவளும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

பெயர் வரவில்லைதான். விலாசமே வந்துவிட்டதே! அந்த ஆற்று வளைவில் மழைக்கோட்டு தைக்கிற தொழிற்சாலை வேறு எது இருக்கிறது? போதாததற்குக் கருத்தரங்குக்குப் பணம் கொடுத்ததே அதே கொள்முதல் கம்பெனிதான். அதன் கொள்முதல் தலைவர் விமானம் ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. படத்தைக் கழற்றலாமென்றால் நாலு மூலையிலும் ஆணி. கடைசியில், படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள், புள்ளியின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“இங்க வாம்மா, உன்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தணும்,” என்று கூப்பிட்டார் துறைத் தலைவர்.

“இல்ல சார், இங்கயே நிக்கிறேன். காலு கொஞ்சம் வலிக்குது.”

“கால் வலின்னா உக்காரும்மா!”

“நின்னாத்தான் சார் சரியாகும்.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் கொள்முதல் தலைவரே எழுந்து வந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரம், நல்ல சட்டை, மரியாதையான மனுஷர். திட்டுவதற்குக்கூட ஆள் தோதாக இல்லை.

“நீங்கதான் இந்தப் படம் போட்டவங்களா? ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, முழுசாப் பாக்கலாம்.”

என்ன சொல்லித் தடுக்க? தள்ளினாள். அண்ணியும் அண்ணனும், வேலை போன கதையை அண்ணி வீட்டில் சொல்லப்போகிற முகமும் கண்ணெதிரே வந்து நின்றன.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை நெருங்கினார். விரல் மேல்பாதியில் ஊர்ந்தது. தன் ஊரைக் கண்டுபிடித்தது. நின்றது.

“ஏம்மா, எங்க ஊர் வட்டம் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?”

அவளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. “சார்?”

“பக்கத்து ஊரைப் பாருங்க, பூசணிக்கா மாதிரி இருக்கு. அங்க என்ன பெரிசா இருக்கு? ரெண்டு வங்கி அதிகம். எங்க ஆபீஸுக்குப் புதுசா மாடி கட்டினதைக் கணக்குல எடுத்தீங்களா?”

“அது போன வருஷத்துக் கணக்கு சார்.”

“அதானே பாத்தேன்! மாத்திடுங்க.” மனசு ஆறியவராகக் கண்ணைக் கீழே ஓட்டினார். கோடு வழியாக இறங்கினார். ஆற்று வளைவில் வந்து நின்றார். ‘அ’ புள்ளியை உற்றுப் பார்த்து, விரல் நகத்தால் இரண்டு தடவை சுரண்டினார். “இது என்னம்மா, தூசியா?”

அந்தக் கணத்தில் முந்நூறு பக்கமும் அவள் தொண்டையில் வந்து முட்டியது. இது தூசி இல்லை ஐயா, உங்கள் மழைக்கோட்டை இங்கேதான் தைக்கிறார்கள், நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இங்கே எத்தனை பேர் ஓடுகிறார்கள் தெரியுமா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கோபமான கோபம்.

“மை தெறிச்சிருக்கு சார்,” என்றாள். “அச்சுக்காரங்க தப்பு.”

“அச்சுக்காரனா!” பின்னாலிருந்து அலறினார் துறைத் தலைவர். விருந்தாளி முன்னால் மானம் போகிறதே என்கிற பதற்றம் அவருக்கு. “கழட்டுங்கய்யா முதல்ல! இப்படியா அடிப்பான்? சுத்த உதவாக்கரை!”

இரண்டு பேர் ஸ்டூல் போட்டு ஏறி ஆணியைப் பிடுங்கினார்கள். படம் சுருண்டு இறங்கியது. நல்ல வேளை, புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அங்கேயும் மாற்றிக்கொள்ளலாம். அவள் மாடிப்படியில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றுமறியாத அச்சுக்காரருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அண்ணிக்குப் போன் பண்ணி, ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

“அண்ணி, திட்டுங்க. என்ன வேணா சொல்லுங்க.”

“அடிப்பாவி, கொஞ்சம் விட்டா குடும்பத்தையே தெருவுல நிறுத்தியிருப்பியேடி!” என்றாள் அண்ணி. பிறகு பெருமூச்சு விட்டாள். “சரி, பொழச்சோம். நிஜமாவே சுரண்டிப் பாத்தாரா?”

“ரெண்டு தடவை அண்ணி. நகத்தால.”

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சொல்ல முடியாமல் சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் தொற்றிக்கொண்டது. படியேறிப் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அட போ பூகோளம்,” என்றாள் அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டு. “எட்டு வருஷமா தினம் காலையில அந்த மனுஷன் மெயில்லதான்டி நான் கண்ணு முழிக்கிறேன். ‘சரக்கு எங்க, சரக்கு எங்க’ன்னு. ஒரு நாளாவது, ‘நீங்க எங்க இருக்கீங்க’ன்னு கேட்டிருக்கலாம்ல?”