விக்கோந்துக்கு அடைப்புக்குறி இல்லை

பெனடிக்ற் செவ்வாய்க்கிழமை இறந்தார். லண்டன், தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடங்களாகப் பிரெஞ்சு விக்கோந்தும்கூட. இணையத்தில் வாங்கிய பிரபுப் பட்டம். பிரான்சில் பிரபுக்களைக் கழுத்தோடு வெட்டி இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் பட்டங்கள் மட்டும் கையிருப்பில் இருந்தன. பத்திரத்தில் பெனடிக்ற், 'பெனுவா த மோன்றோலே' ஆகியிருந்தார். சிங்கம் ஒன்று சேவலை முறைக்கும் குலச்சின்னம் இலவசம்.

அவர் மனைவி இசபெல்லுக்கு அழுகை வரவில்லை. தேநீர் முன்னால் ஆடை படிந்து கிடந்தது. மன்னார், பேசாலையில் இருக்கும் பெனடிக்ற்றின் அக்கா அருள்மலருக்குச் சொல்ல வேண்டும். இலக்கத்தை அழுத்துவாள், மணி அடிக்குமுன் வைத்துவிடுவாள். மரண அறிவித்தலைப் பார்த்து அறியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அறிவித்தலை எழுதியது அவளுடைய தமையன் கிறகோரி, ஊர்ச்சங்கத் தலைவர்.

"அண்ணை, பேருக்குப் பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள 'குட்டி' எண்டு போடுங்கோ. ஊரில குட்டி எண்டாத்தான் ஆளைத் தெரியும்."

"உனக்கென்ன விசரே? விக்கோந்துக்குப் பக்கத்தில குட்டியோ?"

"அப்ப படத்தையாவது..."

"எல்லாப் படத்திலயும் பஸ் உடுப்போட நிக்கிறார். படத்துக்குப் பதிலா குலச்சின்னம் காணும்."

"அக்கான்ர பேர்?"

"பிரபுமாரின்ர அறிவித்தலில மச்சாள்மாரின்ர பட்டியல் வாறேல்லை, பிள்ளை. பேசாலை பிறப்பிடம் எண்டு போட்டிருக்கிறன். ஊருக்குப் பெருமை."

"சரி" என்றாள். அந்த வாரம் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள்.

'விக்கோந்து பெனுவா த மோன்றோலே' என்ற பெயரோடு மட்டும் அறிவித்தல் வெளியானது. கிறகோரியின் தொலைபேசி ஓயவில்லை. "ஓம், என்ர மச்சான்தான். விக்கோந்து. பரோனுக்கு மேல, கோந்துக்குக் கீழ." 'கீழ' என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பிறகு இசபெல்லின் தொலைபேசி அடித்தது. அருள்மலர்.

"இசபெல், கோயிலடியில ஒரே கதை. பேசாலையில பிறந்த பிரெஞ்சுப் பிரபு ஒருத்தர் லண்டனில மோசம் போயிட்டாராம். இஞ்ச ஒருத்தருக்கும் ஆளைத் தெரியேல்லை. நானும் அந்த ஆத்துமாவுக்காக ஒரு செபமாலை சொல்லிவிட்டன். பாவம், ஆர் பெத்த பிள்ளையோ. எங்கட குட்டியைக் கூப்பிடு, அவனுக்குத்தான் உந்தப் பெரியாக்களைத் தெரியும்."

பக்கத்து அறையில் கிறகோரி தொலைபேசியில் மறுபடி பரோனைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், நிண்டுகொண்டோ கதைக்கிறீங்கள்?"

"ஓம், அடுப்படியில. ஏன்?"

"ஒருக்கா இருங்கோ" என்றாள் இசபெல்.