எந்த மருந்து?

என் வீட்டுக்காரர் ஆசீர்வாதத்துக்குக் கேள்வியை முழுசாகக் காதில் வாங்கும் பொறுமை கிடையாது. அந்தக் கெட்ட பழக்கம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று சொன்னால் தலைக்கனம் ஏறும். ஆனாலும் சொல்கிறேன்.

சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் எங்களுக்கு வேலை. போன வருஷம் தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு டிவி வைத்தார்கள். அதில் கொச்சியிலிருந்து டாக்டர் சோனா எங்களைப் பார்த்துப் பேசுவார்.

அன்று மதியம் இவருக்கு வாந்தி, வேர்வை, தலைசுற்றல். "கேஸ்தான்டி. ஒரு மாத்திரை போட்டாச் சரியாப் போகும்" என்றார். நான்தான் இழுத்துக்கொண்டு போய் டிவிக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"மருந்து எதெங்கிலும் கழிச்சோ?" என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். லைன் விட்டுவிட்டு வந்தது. எங்கள் தோட்டத்தில் மனிதர் விழுங்குவது மாத்திரை. மருந்து என்றால் ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. 'கழிச்சோ' இவர் காதில் 'கழிஞ்சோ', அதாவது முடிந்ததா, என்று விழுந்தது. மருந்து அடித்து முடிந்ததா என்று கேட்பதாக இவர் நினைத்துக்கொண்டார்.

"கழிஞ்சதுங்க. காலையிலயே நாலு டேங்க்."

"நாலு டேங்கோ?" டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஏது மருந்து?"

"ஏலத்து மருந்துதாங்க."

டாக்டரின் முகம் வெளிறியது. வீட்டில் சண்டையா என்று என்னைக் கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

"ஐயோ, குடிக்கல டாக்டரம்மா! செடிக்குத் தெளிச்சாரு!" என்று கத்தினேன்.

நர்ஸ் ஜிஸ்மி சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. இவர் முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டை நனைந்திருந்தது. நான் வேர்வை என்றல்லவா நினைத்திருந்தேன்! ஜிஸ்மி மோந்து பார்த்தாள். மருந்து வாடை. முதுகில் சுமந்த டேங்க் ஒழுகியிருக்கிறது. டாக்டர் இவர் கண்ணில் டார்ச் அடித்துக் காட்டச் சொன்னார். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. விஷம் தோல் வழியாக ஏறிவிட்டது என்றார்.

சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஜீப்பில் ஏற்றினோம். டாக்டர் முன்கூட்டியே போன் செய்திருந்ததால் ஆஸ்பத்திரியில் ஊசி தயாராக இருந்தது. இவர் சொன்னபடி ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைத்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்.

நாலாம் நாள் வீடு திரும்பினோம். மறுவாரம் அதே டிவி, அதே டாக்டர், அதே கேள்வி.

"மருந்து கழிச்சோ?"

இவர் என்னைப் பார்த்தார், ஜிஸ்மியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "எந்த மருந்துங்க?" என்றார்.

டாக்டர்தான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில், பதில் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதர் கேள்வியைக் கேட்டது அன்றுதான்.