ஊன்றக் கூடாத கால்

பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதை வருஷா வருஷம் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். பானைக்குள் கைவிட்டு அவனவன்தான் சீட்டை எடுக்க வேண்டும். எடுக்காதவனுக்கு அந்த வருஷம் ஏரி இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் சீட்டு நாள் நெருங்கியபோது நாகமுத்து காலில் கட்டோடு கிடந்தான். பெருவிரல் மூட்டு எலுமிச்சங்காய் போலப் புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் ஏறிவிட்டது. மதராஸில் எலும்பைச் செதுக்கி, விரலை நேராக்கிக் கம்பி வைத்து அனுப்பியிருந்தார்கள். கம்பி எடுக்கும்வரை காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

அதையே மனைவி செல்லியம்மாளும் தம்பி சேகரும் ஓயாமல் சொன்னதுதான் அவனுக்கு உறுத்தியது. படகும் வலையும் இப்போது சேகர் கையில். தினமும் மீனைக் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, "வலிக்குதாண்ணே?" என்று கேட்பான். எப்போது எழுந்திருப்பேன் என்று வேவு பார்க்கிறான், வேறென்ன? சீட்டும் போனால் தம்பியிடமே கூலிக்குப் போக வேண்டியதுதான்.

சீட்டு நாளன்று காலையில் செல்லியம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. கம்முனு படு."

வெளியே சேகர் குரலைத் தணித்து, "அண்ணங்கிட்ட இப்ப சொல்லாத அண்ணி" என்பது காதில் விழுந்தது. கூடப் பிறந்தவனும் கட்டியவளும் சேர்ந்தா தன் சீட்டைக் கெடுக்கிறார்கள்?

அக்குளில் வைத்து நடக்கும் கட்டையை ஊன்றினால் சத்தம் கேட்கும். அதை விட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வெறுங்காலை ஊன்றி எப்போதும் சீட்டுப் போடும் எல்லையம்மன் கோயிலுக்கு நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது.

கோயிலில் யாருமே இல்லை. பானையும் இல்லை. காலில் சுற்றிய கட்டுத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

சேகர் ஓடிவந்தான். "ஊரே நம்ம ஊட்டு வாசல்ல குந்திக்கினு இருக்குது. நீ நடக்கக் கூடாதுன்னு பெரியவங்ககிட்ட கெஞ்சிப் பானைய அங்க எடுத்தாந்தேன். முன்னாடியே சொன்னா எழுந்து வாசலுக்கு வந்துடுவன்னு சொல்லல. நீ இங்க இன்னா பண்ற?"

"சாமி கும்புட வந்தேன்."

சேகர் ரத்தம் ஊறிய துணியைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு முதுகைக் காட்டிக் குனிந்தான்.

தம்பி முதுகில் இருந்தபடியே நாகமுத்து சீட்டை எடுத்தான். நல்ல இடம்தான் விழுந்தது. ஆனால் கம்பி வளைந்து விரல் மறுபடி கோணிவிட்டது. டாக்டர் திட்டிக்கொண்டே திரும்பவும் அறுத்தார். அந்த வருஷம் முழுக்க அண்ணன் இடத்துக்கும் சேகரே போனான்.

மீன் ஒரு நாளும் குறையவில்லை. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "வலிக்குதாண்ணே?" என்று கேட்க உள்ளே வராமலே சேகர் போய்விடுவான்.