தூக்க வேண்டிய தோள்

"வைகாசி வரைக்கும் நான் இருக்கணுமே" என்று நான்தான் சொன்னேனா, அல்லது நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்காவே "வைகாசி வரைக்கும் நீ இருக்கணுமேடா" என்று சொன்னாளா என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன் என்கிறாள் அக்கா. அவள் கணவர், அத்திம்பேர், அப்போது குளித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று ரொம்ப நாள் நம்பினேன். இப்போதெல்லாம் அந்த வாக்கியம் என் குரலில்தான் ஞாபகம் வருகிறது.

மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால், அக்காவின் வீட்டில் நடந்தது. அவள் பெண் ஸஹானாவுக்கும் அனிருத்துக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் ஸஹானா பூனாவில் மழையைப் பற்றிய ஒரு ஆராய்ச்சி வேலைக்குப் போய் வருவதாக ஏற்பாடு.

"மாலை மாத்தறச்சே மாமாதான் தோள்ல தூக்கணும், தெரியுமோன்னோ?" என்றாள் அக்கா. "இப்பவே தண்டால் எடுக்க ஆரம்பி, அச்சு. உன் மருமாள் அம்பத்தெட்டு கிலோ."

"அம்பத்தாறும்மா!" என்று ஸஹானா உள்ளே இருந்து கத்தினாள்.

"சரி, அந்தப் பரண்லேர்ந்து அண்டாவை எடு, பார்ப்போம்."

எழுந்து வலது கையைத் தூக்கினேன். காதுக்கு மேல் போகவில்லை. தோளிலிருந்து கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை வலி இழுத்தது. ஆடி மாதத்திலிருந்தே அப்படித்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடா?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அது பழக்கம். கல்லூரி நூலகத்தில் வேலை, மேற்கு மாம்பலத்தில் தனி வீடு, இரண்டிலும் பேச வேண்டிய அவசியம் குறைவு. அன்று பேசாததற்கு வேறு காரணமும் இருந்தது. நுரையீரலின் உச்சியில் புற்றுநோய்க் கட்டி வந்தால் இருமல்கூட இல்லாமல் தோளிலும் கையிலும் மட்டும் இப்படி வலிக்கலாம் என்று போனில் படித்திருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த வருடங்களில் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவன் நான். அக்காவுக்கு அது தெரியாது.

"என்னடா அச்சு? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

அதற்கும் பேசவில்லை. அப்புறம்தான் அந்த வாக்கியம் வந்தது. அவளோ, நானோ.

அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே கல்யாணம் கார்த்திகைக்கு வந்துவிட்டது. அத்திம்பேர் கபாலி நல்ல மனிதர். மண்டபத்துக்கு அலைந்தார், பிள்ளை வீட்டாரிடம் பேசினார். என்னிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. "மார்கழிக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு எல்லாருமா தீர்மானம் பண்ணினோம்" என்றார். "எனக்குப் பிறந்தாத்துல அவன் ஒருத்தன்தான் இருக்கான், அவன் தூக்காம எம்பொண்ணுக்கு மாலை விழப்படாது" என்று அக்கா போனில் யாரிடமோ அழுதது என் காதிலும் விழுந்தது. வேலைக்கு வரவில்லை என்று ஸஹானா பூனாவுக்கு எழுதப்போகிறாள் என்பதும் தெரிந்தது.

எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது. அந்த நாட்களில் எனக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. தினம் யாராவது வந்தார்கள். ரசம் வந்தது. பேசாமல் இருப்பதற்காக இதுவரை என்னைக் கேலி செய்தவர்கள், இப்போது என் மௌனத்தின் முன் தாங்களும் மரியாதையாகப் பேசாமல் உட்கார்ந்தார்கள். பயம் உண்மைதான், ராத்திரி தூக்கமில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பரிசோதித்துப் பார்க்க நான் எங்கும் போகவில்லை.

ஐப்பசி மழையில் நனைந்தபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஸஹானா வந்தாள்.

"மாமா, ரிப்போர்ட்டெல்லாம் குடுங்கோ. அடையாறுல அனிருத்துக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். காட்டலாம்."

"ரிப்போர்ட் இல்லம்மா."

"ஸ்கேன் சென்டர்லயே வெச்சுண்டுட்டாளா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மாமா. ஸ்கேன் எடுத்தேளா இல்லையா?"

"இல்லை."

"அப்போ எந்த டாக்டர் சொன்னார்?"

"போன்ல படிச்சேன்."

அவள் ஈரக் குடையோடு அப்படியே நின்றாள். பிறகு, "சட்டையை மாத்துங்கோ" என்றாள். ஒரு கையைச் சட்டைக்குள் நுழைக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து அவளே மாட்டிவிட்டாள். ஆட்டோவில் ஏறும்போது, "பாத்து குந்து நைனா, கைய இன்னாத்துக்கு இப்டி புட்ச்சிகினு கீற? அடிபட்டுச்சா?" என்று டிரைவர் கேட்டார். "இல்லண்ணா, படிச்சுட்டார்" என்றாள் ஸஹானா. அவர் ஒன்றும் புரியாமல் வண்டியை எடுத்தார்.

அடையாறு வரை போகாமல் பக்கத்திலேயே தியாகராய நகரில் காட்டினாள். டாக்டர் நீரஜா என் கையைப் பல பக்கம் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. நெஞ்சில் ஒன்றுமில்லை. "தோள் மூட்டு இறுகிப்போயிருக்கு. கழுத்துல ஒரு நரம்பு கொஞ்சம் அழுத்துது, அதான் விரல் வரைக்கும் வலி. உங்களுக்கு சுகர் இருக்கு சார், நிறையவே இருக்கு. அதுக்கும் இந்தத் தோளுக்கும் சம்பந்தம் உண்டு. இவ்வளவு நாள் ஏன் வரல?"

ஸஹானாதான் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்கு வந்தது சந்தோஷமில்லை. கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்தவனைப் போல இருந்தது. இனி அந்த ரசம் கொண்டுவந்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

பாண்டி பஜாரில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். எனக்குச் சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தாள்.

"ஆத்துக்குப் போய்ச் சொல்லிடலாம் மாமா. அம்மா சந்தோஷத்துல குதிப்பா."

"வேண்டாம். நானே மெதுவா சொல்றேன்."

"பூனாவுக்கு நான் இன்னும் எழுதலை. வெள்ளிக்கிழமைக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணும்."

"அதுக்குள்ள சொல்லிடறேன்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி, நீங்களே சொல்லுங்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. தினம் மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். ஒரு நாள் மழை என்று திரும்பினேன். ஒரு நாள் குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். 'இப்போதுதான் தெரிந்தது' என்று ஆரம்பிக்கலாமா, 'மருந்தில் குணமாகிவிட்டது' என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது கூடத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் பரப்பியிருந்தன. அத்திம்பேர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஸஹானா மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தட்டாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எனக்கும் அத்திம்பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தனக்கு ஒரு டம்ளரில் வெந்நீர் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு?"

"எனக்கு வேண்டாம்."

"அவ காபியை விட்டுட்டா" என்றார் அத்திம்பேர். "உனக்கு உடம்பு தேவலையாகற வரைக்கும் தொடறதில்லைன்னு கபாலீஸ்வரர் சன்னிதியில வேண்டிண்டிருக்கா. தலைவலில துடிக்கறா, சொன்னா கேட்கலை."

ஐந்து மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் போடாமல் யாரோடும் பேசாதவள் அக்கா. பிரசவத்துக்குப் போகும்போதுகூட காபி குடித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள். அவள் வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்தேன்.

"எனக்கு அந்த நோய் இல்லை, அக்கா."

"என்ன?"

"இல்லை. சுகர். தோள் இறுகிப்போயிருக்கு, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையே தெரியும். அதுக்கு முன்னாடி எந்த டாக்டரும் எதுவும் சொல்லலை. நானா நெனச்சுண்டேன். ஸஹானா போகட்டும்."

யாரும் பேசவில்லை. எனக்குப் பிரியமான நிசப்தம்தான் அது, ஆனால் அதில் உட்கார முடியவில்லை. ஸஹானா தட்ட ஆரம்பித்த சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா உள்ளே போனாள். பால் பொங்கும் வாசனை வந்தது. சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே ஒரு டம்ளர் காபியை முழுவதும் குடித்தாள். அப்புறம் திரும்பினாள்.

"நன்னா இருக்கேன்னு சொல்றதுக்கு உனக்கு வெக்கமாடா? செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வீணா நான் தலைவலில செத்துண்டிருக்கேன், பாவி!"

என் காபியை எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டினாள். "உனக்குத்தான் சுகராமே."

ஸஹானா பூனாவுக்குப் போய்விட்டு வந்தாள். கல்யாணம் வைகாசியில்தான் நடந்தது. மாலை மாற்றும்போது அத்திம்பேரின் தம்பி அவளைத் தூக்கினார், நான் பக்கத்தில் நின்று இடது கையால் அவள் காலைத் தாங்கினேன். அவளும் அனிருத்தும் இப்போது அடையாறில் இருக்கிறார்கள். அத்திம்பேர் என்னை எங்கே பார்த்தாலும் முதலில் உடம்பைத்தான் விசாரிக்கிறார். அக்கா சில மாதம் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறாள். நான் மாத்திரை சாப்பிடுகிறேன். கை காதுக்கு மேலே போகிறது.