மாதா குதிர்

குதிரின் அடித்துளையில் செருகியிருந்த வைக்கோல் அடைப்பை மதலேனம்மாள் பிடுங்கினாள். வரகு சரசரவென்று முறத்தில் இறங்கியது. ஒரு படி விழுந்திருக்கும். சட்டென்று உள்ளங்கையால் துளையைப் பொத்தினாள். நிறம் மாறியிருந்தது. நேற்று வரை வந்த வரகு எண்ணெய் தடவிய மாதிரி செம்பழுப்பாகப் பளபளத்தது. இது சாம்பல் பூத்துக் கிடந்தது. சில மணிகளின் மூக்கில் கறுப்பு. முறத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அடைமழையில் ஊறிய கூரை ஓலையின் வாடை. வெளியே புங்கமரத்தடியில் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். மண்சட்டிகளும் தகரக் குவளைகளும் தரையில் வைக்கப்படும் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தாள்.

அறுவடை முடிந்து களத்தில் குவித்த வரகில் முதல் மரக்கால் மாதாவுக்கு. அந்த ஊர் வேதக்காரர்கள் அதில் மட்டும் தவறியதில்லை. கோயிலின் பின்னறையில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண்குதிரின் மேல் ஏணி சாய்த்து ஏறி, வாய் வழியாகக் கொட்டிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஆகஸ்டில் மாதா திருநாள் வரும்போது அடித்துளையைத் திறந்து, பாதியை விற்று மெழுகுவர்த்தியும் எண்ணெயும் வாங்குவார்கள். மீதி வரகு ஊருக்கே சோறாகும். யுத்தத்தினால் திருநாள் நின்றுபோனதில் இரண்டு வெள்ளாமை வரகு ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிரில் தங்கிவிட்டது. அடியில் முந்தின வருஷத்தது. அதன்மேல் போன மார்கழியில் அறுத்தது.

போன மார்கழியில் கதிர் முற்றி நின்ற நேரத்தில் மழை விடவில்லை. அப்படி நனைந்து பூசணம் பிடித்த வரகைத் தின்றால் தலை கிறுகிறுக்கும், கைகால் நடுங்கும், வாந்தி எடுத்து விழுவார்கள். கிறுக்கு வரகு என்றே அதற்குப் பெயர். சாமிதுரை வீட்டு எருது களத்தில் அதைத் தின்றுவிட்டுப் படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. எல்லார் வீட்டிலும் நனையாத வரகு கொஞ்சமும் நனைந்தது நிறையவும் இருந்தன. மாதா சாப்பிடவா போகிறாள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஏணியில் ஏறி எல்லோரும் நனைந்ததைத்தான் கொட்டினார்கள். மதலேனம்மாளும் தன் கொட்டகையில் இரண்டு குவியலையும் பார்த்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு, மரக்காலை நனைந்த குவியலில்தான் அழுத்தினாள். குனிந்து முகர்ந்து பார்க்கிற தெய்வமா அது என்று அப்போது தோன்றியிருந்தது.

இந்த வருஷம் ஆடியும் காய்ந்தது, ஆவணியும் காய்ந்தது. ரங்கூன் அரிசி நின்றுபோனது. அரியலூர்க் கடையில் விடியலிலிருந்து காத்து நின்றவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். சீமையிலிருந்து சபைக்கு வந்துகொண்டிருந்த உதவியும் கப்பல்களோடு நின்றது. உபதேசியார்களுக்குச் சம்பளம் இல்லை. பக்கத்துக் கிளைக் கோயில்களில் ஜெபம் சொல்லி வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பொன்மலை ரயில் பட்டறைக்கும் பட்டாளத்துக்கும் போய்விட்டார்கள். பங்குச்சாமியார் குதிரை வண்டியை விற்றுவிட்டு நடந்தே வந்து, அந்த ஊர் உபதேசியார் ஞானமுத்துவிடம் சொன்னார்: "எங்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஞானமுத்து. நீயும் போறதுன்னா போ. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

மதலேனம்மாளின் கணவர் ஞானமுத்து போகவில்லை. மாதா குதிரின் அடைப்பைத் திறக்க அனுமதி மட்டும் கேட்டார். சாமியார் தலையசைத்தார். ஊர்ப் பெரியவர் அமிர்தசாமிக்கு அது பிடிக்கவில்லை.

"மாதா சொத்த எடுத்துக் கண்டவங்களுக்கும் ஊத்தப் போறீங்களா, உபதேசியாரே? நம்ம சனம் மட்டும்னா சரி. கீழத்தெரு ஆளுங்க, வழிப்போக்கனுங்க எல்லாம் வரிசைல நிப்பானுவ."

"நிக்கட்டும்ங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டாதான் வர மாட்டேங்கிறாங்க. கஞ்சிக்காவது வரட்டுமே."

அப்படி ஆரம்பித்தது. உச்சிவேளை மணி அடித்ததும் ஒருவருக்கு ஓர் அகப்பை. ஞானமுத்து காலையில் காய்ச்சல் கண்டவர்களைப் பார்த்து வருவார், மத்தியானம் ஊற்றுவார், பானையின் அடியில் ஒட்டியதைக் கடைசியில் குடிப்பார். அவர் சட்டை இப்போது கொடியில் காய்வது போலத்தான் உடம்பில் தொங்கியது.

மதலேனம்மாள் அடைப்பைச் செருகிவிட்டு முறத்தோடு வெளியே வந்தாள். திரிகையின் முன்னால் கீழத்தெருப் பச்சையம்மாள் தயாராக உட்கார்ந்திருந்தாள். புருஷன் திருச்சிக்குக் கூலிக்குப் போனவன், சேதி இல்லை. இரண்டு பெண் குழந்தைகள் அவள் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தன. அவள் ஒரு பிடி அள்ளித் திரிகையில் போடப் போனவள், கையை விரித்துப் பார்த்தாள்.

"யக்கா, இது கிறுக்கு வரகுல்ல?"

"மெல்லப் பேசு."

"மெல்லப் பேசினா கிறுக்கு போயிடுமா?" என்றாள் பச்சையம்மாள். பிறகு, குழந்தைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். "ஏழு தண்ணி ஊத்திக் கழுவிப் பாப்போம். வடிச்ச தண்ணியக் கொட்டிட்டு மறுபடி வேக வைப்போம்."

அரைத்தார்கள், புடைத்தார்கள், கழுவினார்கள். தண்ணீர் தெளியும்வரை கழுவினார்கள். வாடை மட்டும் போகவில்லை, அல்லது போனதை மதலேனம்மாளின் மூக்கு நம்பவில்லை. பானை கொதித்துக்கொண்டிருந்தபோது ஞானமுத்து வந்தார். அவள் அவரை அடுப்புக்குப் பின்னால் அழைத்துப்போய், முந்தானையில் முடிந்து வைத்திருந்த வரகைக் காட்டினாள்.

"மேல் வரகு எறங்கிடுச்சுங்க. இன்னைக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க."

"நாளைக்கு?"

அவள் வரகை மறுபடி முந்தானையில் முடிந்தாள்.

"குதிரு முச்சூடும் இனி இதுதான், மதலே. இன்னைக்கு வேண்டாம்னா என்னைக்கும் வேண்டாம்."

"நம்ம வூட்டு வரகும் இதுலதான் கெடக்கு. நான்தான் அளந்தேன்."

"தெரியும். தூக்கிட்டுப் போயி கொட்டுனது யாரு?" என்று அவர் லேசாகச் சிரித்தார். சிரித்தபோது கன்னத்தில் எலும்பு எழும்பியது. "கொட்டுனவன்தான் மொதல்ல திங்கணும். ஒரு சட்டி ஊத்து."

"நான் திங்கறேன். உங்க ஒடம்புல என்ன இருக்கு?"

"நீ விழுந்தா பொம்பளைக்கு மயக்கம்பாங்க. நான் விழுந்தாதான் பானையக் கவுப்பாங்க."

உச்சிவேளை மணி அடித்தது. எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். ஞானமுத்து அகப்பையை எடுக்காமல், தன் சட்டியோடு கோயில் படியில் உட்கார்ந்தார். அமிர்தசாமி தினமும் போல வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சி குடிக்க அல்ல, யார் யார் குடிக்கிறார்கள் என்று பார்க்க.

"இது போன மார்கழி வரகு," என்றார் ஞானமுத்து. குரலை உயர்த்தவில்லை. "நனையாத வரகக் கொட்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அவங்க வூட்டு வரகுதான் எஞ்சட்டில இருக்குன்னு நெனச்சுத் தைரியமா குடிப்பேன்."

வரிசையில் யாரும் அசையவில்லை. ஒருவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். கீழத்தெருக்காரர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர்கள் மற்றவர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அமிர்தசாமி மேலே கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானமுத்து சிலுவை போட்டுக்கொண்டு சட்டியை எடுத்தார். நிறுத்தாமல் குடித்தார். விரலால் வழித்தும் தின்றார்.

"சாயங்கால மணி வரைக்கும் பொறுங்க. நான் எழுந்து மணியடிச்சா எல்லாரும் குடிக்கலாம். விழுந்துட்டா, பானையத் தொடக் கூடாது."

பச்சையம்மாள் இளையவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சாயங்காலம் வரைக்கும் இது தாங்காதுங்கய்யா. சாவுறதுன்னா வயிறு நெறஞ்சு சாவட்டும், ஊத்துங்க."

"கொஞ்சம் பொறும்மா. உம்புள்ளைக்குத்தான் மொத அகப்பை."

அவள் போகவில்லை. மூடிய பானைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஞானமுத்து ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஜெபத்துக்காக மட்டும் அல்ல என்று மதலேனம்மாளுக்குத் தெரிந்தது. கிறுக்கு வரகு முதலில் நாக்கைத்தான் பிடிக்கும், பேச்சு குழறும். அவள் தூணில் சாய்ந்து, சிறுவயதிலிருந்து கேட்ட அதே வார்த்தைகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பவள் போல ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டாள். முதல் தேவ ரகசியத்தின் பத்து மணிகளும் சுத்தமாக முடிந்தன. இரண்டாவதில் அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. வெயிலாக இருக்கலாம். மூன்றாவதில், முடித்த மணியையே மறுபடி பிடித்து, மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரத்தை இன்னொரு தடவை சொன்னார். பசித்தவன் எண்ணிக்கை தவறுவது சகஜம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடியும் அதே மணியைப் பிடித்தார். பிற்காலத்தில், அவர் போன பிறகு, தனியாக ஜெபமாலை சொல்ல உட்காரும்போதெல்லாம் அந்த மூன்றாவது பத்தைத் தாண்டுவது அவளுக்குக் கஷ்டமாகவே இருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. அமிர்தசாமி எழுந்து படியருகே வந்தார்.

"போதும்யா. வெரல விட்டு வாந்தி எடு."

ஞானமுத்து மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். அவர் முழங்காலின் மேல் வைத்திருந்த இடது கை லேசாக ஆடியது. அவர் அதை வலது கையால் அழுத்திக்கொண்டார். அமிர்தசாமி அதைப் பார்த்தார். மதலேனம்மாளும் பார்த்தாள்.

"மதலேனா, நீயாவது சொல்லக் கூடாதா? இந்த மனுசன் எதுக்கு இப்பிடி எங்க மானத்த வாங்கறான்?"

"அவரு யாரையும் ஒண்ணும் சொல்லலீங்களே," என்றாள். "அவரு பாட்டுக்குக் கஞ்சி குடிச்சாரு."

அமிர்தசாமி திரும்பி வேகமாகத் தெருவில் நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிழல்கள் நீண்டு புங்கமரத்தைத் தாண்டி ஒற்றையடிப் பாதை வரைக்கும் போயின. பச்சையம்மாளின் சின்னக்குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. அழுததைவிட அது பயமாக இருந்தது. ஞானமுத்து ஜெபமாலையை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மதலேனம்மாள் பக்கத்தில் போய், அவர் மூக்குக்கு நேரே புறங்கையை நீட்டி மூச்சு படுகிறதா என்று பார்த்தாள். "இருக்கேன்," என்றார் கண்ணைத் திறக்காமல்.

அமிர்தசாமி திரும்பி வந்தபோது தலையில் மூட்டை இருந்தது. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தானாகத் தூக்காத மனுஷன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டையெல்லாம் மண். சர்க்கார் ஆட்கள் தானியக் கணக்கெடுக்க வந்தபோது குழி வெட்டிப் புதைத்திருந்த மூட்டை அது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பானைக்குப் பக்கத்தில் இறக்கி, வாயை அவிழ்த்தார். செம்பழுப்பு வரகு, எண்ணெய் தடவிய மாதிரி.

"நனையாதது," என்றார். "விதைக்கு வச்சிருந்தேன்."

"விதையத் தின்னுட்டா அப்புறம் என்னத்தங்க வெதைப்பீங்க?" என்றாள் பச்சையம்மாள். கை மட்டும் அதற்குள் மூட்டைக்குள் போயிருந்தது.

"மொதல்ல மழை வரட்டும். நீ அரை."

வரிசையில் பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கியது. ஞானமுத்து கண்ணைத் திறந்து மூட்டையைப் பார்த்தார். அமிர்தசாமியின் மண்படிந்த தோளைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மதலேனம்மாள் கை கொடுக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். வாசலுக்கு உள்ளே தொங்கிய மணிக்கயிறு வரைக்கும் சில தப்படிதான். சுவரிலிருந்து கையை எடுக்காமலே நடந்தார்.

சாயங்கால ஜெபத்துக்கு மும்மூன்றாக அடிக்க வேண்டும். முதல் மணி கணீரென்று விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டாவது கொஞ்சம் தாமதித்து விழுந்தது. திரிகையைப் பிடித்த பச்சையம்மாளின் கை பாதியில் நின்றது. அமிர்தசாமி மூட்டையின் வாயைப் பிடித்தபடியே வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மணி இன்னும் விழவில்லை. உள்ளே இருட்டில் ஞானமுத்துவின் முகம் தெரியவில்லை. சாய்ந்த வெயிலில் கயிற்றின் நிழல் மட்டும் வெள்ளைச் சுவரில் விறைத்து நின்று, மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.