ஆறாம் நம்பர் கடிதம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லெட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பதினொரு வருஷமாக நிர்வாக அறையின் மூலையில், திறக்கவே வராத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே போகிற கடிதங்களையெல்லாம் இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. கம்ப்யூட்டரில் பதினான்கு மாதிரிக் கடிதங்கள் தயாராக வைத்திருந்தாள். ஒன்றாம் நம்பர், லீவுக்கான சான்றிதழ். நான்காம் நம்பர், நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்புவது. நமக்கு வேண்டியது ஆறாம் நம்பர்.

ஒருவர் இறந்துபோனால், வீட்டுக்காரர்கள் அழுது முடித்துப் பத்துப் பதினைந்து நாள் கழித்து டாக்டரைப் பார்க்க வருவார்கள். பணக்காரன், ஏழை என்று பேதமில்லை, எல்லோருக்கும் ஒரே கேள்விதான். கொஞ்சம் முன்னாடியே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு அறைக்கதவைத் திறந்து, “லெட்டரம்மா, ஒரு ஆறாம் நம்பர்” என்பார். அவள் பெயரையும் தேதியையும் மாற்றி அச்செடுப்பாள். ‘முன்பே அழைத்து வந்திருந்தாலும் முடிவு நிச்சயமாக இதுவாகவேதான் இருந்திருக்கும்.’ அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். வந்தவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அதையே டாக்டர் வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று சந்தேகப்படுகிற ஜனங்கள், இங்கிலீஷில் அடித்து முத்திரை குத்திக் கொடுத்தால் அப்படியே நம்பிவிடுவார்கள். இங்கிலீஷுக்கு நம் ஆட்கள் கொடுக்கிற மரியாதை சொல்லி மாளாது.

அந்த ‘நிச்சயமாக’ இருக்கிறதே, அது அவள் போட்ட வார்த்தை. முதலில் அந்த இடத்தில் ‘பர்ஹாப்ஸ்’ என்றுதான் இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு மூன்று தடவை வந்தான். ஒருவேளை என்றால் என்ன அர்த்தம், பிழைத்திருக்கவும் கூடுமா என்று கேட்டான். நான்காவது தடவை அவன் மனைவி வந்தாள். மனுஷன் சாப்பாட்டையே விட்டுவிட்டான் என்றாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை எடுத்துவிடும்மா என்றார். எடுத்தால் போதாது சார், அங்கே ‘செர்ட்டன்லி’ என்று போட வேண்டும் என்று சொன்னது இவள்தான். அதற்குப் பிறகு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர் ஒருத்தர் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கேஸ் ஷீட்டுகளும் அவள் மேஜைக்குத்தான் வரும். முந்தின நாள் வந்திருந்தால் இந்தப் பெண் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கும் என்று தெரிந்தும், கை நடுங்காமல் அடித்திருக்கிறாள். பொய்தான், யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவள் கட்சி. ஆபீஸ் விஷயம் ஆபீஸோடு என்பதால் வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து, என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். அவள் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாயுதான், படுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி சுடுதண்ணீர் கொடுத்தாள். அவரும் வாயில்லாப் பூச்சி, சொன்னபடி படுத்துக்கொண்டார். ரெண்டரை மணிக்கு மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், எதற்கோ போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றாள். உங்கப்பாவுக்கு எப்பவும் இருக்கிறதுதான், நீ வேலையைப் பார் என்று சொல்லி இவள் போனை வைத்தாள். நாலரை மணிக்கு அவர் முகம் வெளுத்தது. டாக்சி பிடித்து அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அஞ்சேகால் மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இந்தக் கேள்வியோடு பதினொரு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிற்று? அவளே தன்னை அப்படித்தான் கேட்டுக்கொண்டாள், தினமும்.

அன்றிலிருந்து மகள் அவளோடு பேசவில்லை. ரெண்டே அறை கொண்ட வீட்டில் பேசாமல் இருப்பது சாமானியக் காரியமில்லை. அந்தப் பெண் அதைச் செய்தாள். அம்மா சமையலறைக்குள் வந்தால் இவள் வெளியே போவாள். தன் தட்டைத் தானே கழுவுவாள், தன் துணியைத் தனியாக உலர்த்துவாள். நாலு மாசத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, ஒரு காலை, செருப்பு மாட்டிக்கொண்டே வந்தது.

“ஒண்ணாந்தேதி நான் போறேன். கடைக்குப் பக்கத்துல ரூம் பாத்துட்டேன்.”

மகள் கதவைத் திறந்தவள் திரும்பினாள்.

“உன் டாக்டர்கிட்ட கேளு. நான் சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாரான்னு. வாயால வேண்டாம், எழுதி வாங்கிட்டு வா. பிழைச்சிருக்க மாட்டார்னு எழுதினா நான் இங்கயே இருக்கேன்.”

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் ஓடிப்போய் வாங்கி வந்திருப்பாள். இவளால் அப்படி ஓட முடியவில்லை. அந்தக் காகிதத்தின் பெறுமானம் தெரிந்த ஆள் உலகத்திலேயே ரெண்டு பேர்தான், அதில் ஒருத்தி அவள்.

அன்றைக்கே பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் வழக்கம்போல மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அடித்துக்கொண்டு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். கடிதத்துக்கு அப்புறம் வருகிறேன் சார், முதலில் நீங்கள் எனக்கு வாயால் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். அவர் அலமாரியிலிருந்து கேஸ் ஷீட்டை எடுத்தார். இதயத் துடிப்பு பதிந்த நீளக் காகிதத்தை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிழைத்திருப்பார், நீதான் விட்டுவிட்டாய் என்று அவர் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மகள் காலில் விழுந்து அழுவதற்காவது ஒரு காரணம் கிடைக்கும்.

“சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். “பிழைச்சிருக்கலாம். பிழைக்காமயும் போயிருக்கலாம்.”

நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டாள். விடுவதாக இல்லை அவள்.

“ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்தா நூத்துல எழுபது பேர் பிழைக்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் அந்த எழுபதுல இருந்திருப்பாரா, மிச்சம் முப்பதுல இருந்திருப்பாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது.”

அவர் இரக்கமில்லாமல் சொல்லவில்லை. கடிதத்தில் ‘நிச்சயமாக’ ஏறியதற்குப் பிறகு முதல் தடவையாக ஒருத்தருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார், அவ்வளவுதான். அந்தத் தகப்பன் ஏன் மூன்று தடவை வந்தான் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

எல்லோரும் சாப்பிடப் போன சமயம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆறாம் நம்பரைத் திறந்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் புருஷன் பெயரை அடித்தாள். எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். பெறுநர், மகள். ‘நிச்சயமாக’ வந்ததும் விரல் நின்றது. அந்த வாக்கியத்தை முழுசாக அழித்துவிட்டு, முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்கவும் கூடும், சொல்ல இயலாது என்று அடித்துப் பார்த்தாள். இதைப் படித்துவிட்டு மகள் பெட்டியில் துணி அடுக்குவது கண்முன்னே வந்தது. நல்லதாக நாலு துணி, ஒரு பச்சைத் துண்டு, அப்பாவின் கைக்கடிகாரம். வேறு என்ன இருக்கிறது அந்தப் பெண்ணிடம், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடும். அடித்ததை அழித்தாள். பழைய வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் திரும்பப் போட்டாள். டாக்டர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மகள் வந்தபோது கடிதம் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. நின்றபடியே படித்தாள். உட்கார்ந்து மறுபடி படித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் சுமாராக வரும், இந்தக் கடிதத்துக்கு அது போதும். கடைசி வரியில் விரலை ஓட்டி, இதை அவரேதான் சொன்னாரா என்று கேட்டாள். கீழே யார் கையெழுத்து இருக்கிறது பார் என்றாள் அம்மா. அது பொய்யில்லை.

மகள் முகம் கோணிக்கொண்டது. அடுத்த நிமிஷம் அம்மாவின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நாலு மாசத்து அழுகை. அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த முதுகைத் தொட்டே நாலு மாசமாகியிருந்தது. எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, பாவி மகள் ஒழுங்காகச் சாப்பிடக்கூட இல்லை போலிருக்கிறது. அழுது ஓய்ந்ததும் மகள் போனை எடுத்து, ரூம் வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். பிறகு பசிக்கிறது என்றாள். அம்மா சோறு போட்டாள். மகள் எதிரே உட்கார்ந்து ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கடையில் ஒரு கிழவர் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, காணோம் என்று சண்டை போட்ட கதையைச் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே மகள் இடது கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. இதுல மட்டும் வேற மாதிரி எழுதியிருந்தா, நான் செத்தாலும் உன் முகத்துல முழிச்சிருக்க மாட்டேம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாள், கையைத் தடவிக்கொண்டே. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? அந்தப் பெண் அப்படியேதான் செய்திருப்பாள். அதில் இம்மியளவு சந்தேகம் கிடையாது.

துணி மடித்துக்கொண்டிருந்தேன், ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன், தூங்குகிறார் என்று நினைத்தேன், நான்தான் விட்டுவிட்டேன் என்று இந்த உலகத்தில் ஒருத்தரிடம் சொல்லி அழ வேண்டுமென்றால், அது இந்த மகளிடம்தான். நாலு மாசமாக அம்மா அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள். இனி அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. சாகிறவரைக்கும் முடியாது.

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டாள். மகள் போதும் என்று தட்டைத் தள்ளினாள்.