ஆர்வில் டென்கருடைய பான்டியாக்

பக்கவாதம் வந்துபோன பிறகு ஆர்வில் டென்கரின் வாயில் தங்கியவை கொஞ்சம் சொற்கள்தான். 'இல்ல' என்பது வந்தது. ஆத்திரம் முற்றினால் ஒரு கெட்ட வார்த்தை சுத்தமாக வந்தது. மற்றபடி என்ன சொல்ல வாயெடுத்தாலும் 'செவ்வாய்க்கிழமை' என்றே வந்து விழுந்தது. தண்ணீர் கேட்டாலும் செவ்வாய்க்கிழமை, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் செவ்வாய்க்கிழமை. தலைக்குள் எல்லாம் பழையபடி ஒழுங்காகத்தான் இருந்தது. வெளியே வரும் வழிதான் அடைபட்டுவிட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்திலும் அதே கோளாறு. வலது கையும் காலும் மரக்கட்டையாகிவிட்டன.

வீட்டிலிருந்த பழைய பிக்கப் வண்டி அந்தக் கோடையில் அடிச்சட்டம் துருப்பிடித்து உட்கார்ந்துவிட, மிஞ்சியது பான்டியாக் கார் மட்டும்தான். அறுபத்தொன்பதாம் வருஷத்து ஜி.டி.ஓ. சனிக்கிழமைப் பந்தயங்களுக்கென்று ஆர்வில் தன் கையாலேயே இழைத்த இன்ஜின் அதில் இருந்தது. அதற்குள் பெரிய கேம்ஷாஃப்ட் ஒன்றைப் போட்டிருந்தான். இன்ஜினின் வயிற்றுக்குள் சுற்றும் தண்டு அது; சுருக்கமாகக் கேம் என்பார்கள். அதிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகள் வால்வுகளைத் தூக்கித் தூக்கி இறக்கும். புடைப்பு பெரிதானால் வால்வு நிறைய நேரம் திறந்தே கிடக்கும். வேகம் ஏறியதும் இன்ஜின் பேயாய்ப் பறக்கும். மெதுவாக ஓடும்போதோ மூச்சுத் திணறும், உதறும், சட்டென்று அணைந்துபோகும். அந்த உதறல் சத்தத்துக்காகவே ஊரில் பையன்கள் அவன் வண்டியைச் சுற்றி நின்றதுண்டு. இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தில்தான் பிரேக்குக்கும் உதவி கிடைக்கும்; இந்தக் கேமில் அந்த உறிஞ்சல் குறைவு என்பதால் பிரேக் பெடலும் கல்லாக இருந்தது. ஆர்விலின் காலுக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. இப்போது ஓட்டுகிறவள் அவன் மனைவி மார்லிஸ். ஐந்தடி உயரம்கூட இல்லாதவள்.

சோள அறுவடைச் சமயத்தில் ஒரு நாள், மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆர்விலின் கைகால் பயிற்சி முடிந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் சாலை நெடுஞ்சாலையோடு சேருமிடத்தில் மார்லிஸ் வேகத்தைக் குறைத்தாள். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அணைந்தது. இரண்டு காலாலும் பெடலை மிதித்தாள். வண்டி நிற்காமல் உருண்டு, நெடுஞ்சாலையின் நடுவில் போய் நின்றது.

வலப்பக்கத்திலிருந்து சோளம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. அதன் முகப்புக் கம்பிகளை ஆர்வில் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை நோக்கித்தான் வந்தது. கைப்பிடியைப் பிடி என்று கைக்கு ஆணையிட்டான். கை மடியிலேயே கிடந்தது. மார்லிஸ் சாவியைத் திருகித் திருகி என்னவோ முணுமுணுத்தாள். லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடி மண்ணில் இறங்கி, வால்பக்கத்தை உரசாத குறையாக வளைத்துக்கொண்டு போனான். சாலையெங்கும் சோளம் சிதறியது.

மார்லிஸ் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "போதும் ஆர்வில். இத மாத்தியே ஆகணும்," என்றாள்.

மறுநாள் லாய்ட் ராஷ்கே வந்தான். ஊரில் இன்ஜின் வேலை பார்க்கிறவன், ஆர்விலோடு பந்தயம் ஓடியவன். சமையலறை மேஜையில் கேம்ஷாஃப்ட் கேட்லாக்கை விரித்து மார்லிஸுக்கு எதிரே உட்கார்ந்தான். ஆர்விலின் சக்கர நாற்காலி ஃபிரிட்ஜ் பக்கமாக இருந்தது.

"சிக்னல்ல அணையக் கூடாது. மிதிச்சா நிக்கணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம் லாய்ட்," என்றாள் மார்லிஸ்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு பாரும்மா. இது நடுத்தரம். லேசா உதறும், கேக்க நல்லாருக்கும். பிரேக்குக்கு சுமாரா உதவி கிடைக்கும். இன்னொண்ணு ரொம்ப சாது. தபால்காரர் வண்டிக்குப் போடலாம். தையல் மிஷின் மாதிரி ஓடும்."

"தையல் மிஷினே போடுங்க. எனக்கு ஓட்டத் தெரிஞ்ச மிஷின் அது ஒண்ணுதான்."

லாய்ட் சிரித்துவிட்டு, செவிடனிடம் பேசுவதுபோலக் குரலை உயர்த்தினான். "என்னடா ஆர்வில்? சரிதானே?" பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தை மடித்துவைத்தான்.

"இல்ல," என்றான் ஆர்வில்.

"நீ இல்லன்னுதான் சொல்லுவே," என்றாள் மார்லிஸ்.

அவன் சொல்ல வந்தது சத்தத்தைப் பற்றி அல்ல. பக்கவாதத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், யாரிடமும் சொல்லாமல், வால்வுகளுக்கு ரெட்டை ஸ்பிரிங் போட்டிருந்தான். பழைய ஸ்பிரிங்குக்குள் இன்னொரு சின்ன ஸ்பிரிங். அடுத்த சீசனில் லாய்டை முந்துவதற்காகச் செய்த ரகசியம் அது. ஓடிப் பழகிய பழைய கேம் தாங்கிய அந்த அழுத்தத்தைப் புதுக் கேம் தாங்காது. ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே புடைப்புகள் தேய்ந்து தட்டையாகும். இரும்புத் தூள் எண்ணெயில் கலந்து இன்ஜின் முழுவதையும் தின்றுவிடும். ஸ்பிரிங், ஸ்பிரிங் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கி வியாழன்பா," என்று லாய்ட் அன்பாகச் சொன்னான். மார்லிஸ் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஆர்விலின் இடது கையில் வைத்தாள்.

திரும்பத் திரும்ப முயன்றான். கையைச் சுழற்றிக் காட்டினான். வானொலி வேண்டுமா என்றாள். குளிருதா என்றாள். கடைசியில் அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. மார்லிஸின் முகம் சுண்டிவிட்டது. அன்று சாயங்காலம் ஆர்வில் ஒரு முடிவுக்கு வந்தான். என்னைக் கேட்காமல் செய்கிறார்கள் அல்லவா, செய்யட்டும். பாழாய்ப் போகட்டும். யாரும் ஓட்டவேண்டாம்.

லாய்ட் வந்து வேலை பார்த்த நாட்களில் ஆர்வில் ஷெட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். பழைய கேம் வெளியே வந்தது. புதியது எண்ணெய் பூசிக்கொண்டு உள்ளே போனது. வால்வுப் பக்கம் முடுக்கும்போது லாய்ட், "கொஞ்சம் கெட்டியா இருக்கே," என்று முனகினான். பிறகு, "ஆர்வில் பூட்டினது கெட்டியாத்தான் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டு முடுக்கினான். ஆர்வில் பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இன்ஜினைக் கிளப்பும் நாளில் மார்லிஸ் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். உதட்டுச் சாயம்கூடப் போட்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் லாய்ட்.

"அக்கா வீட்டுக்கு. ஓடிச்சின்னா. நீங்க கொஞ்ச நேரம் இவனோட இருக்கீங்களா? ஆஸ்பத்திரியத் தவிர நான் வேற எடம் பாத்து எத்தன மாசமாச்சு. சொன்னா சிரிப்பீங்க, கடையில வரிசையில நிக்கக்கூட ஆசையா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோட்டுப் பைக்குள் அவள் கை சாவியை இறுக்கிக்கொண்டிருந்தது வெளியே புடைத்துத் தெரிந்தது. இதுவரை ஆர்வில் தான் மட்டுமே உள்ளே பூட்டப்பட்டிருப்பதாக எண்ணியிருந்தான். இந்த வண்டி போனால் அவளுக்கும் இந்த வீடுதான், பனி கரையும் வரை.

அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். லாய்ட், "திருகு," என்று சொல்ல வாயெடுத்தபோது ஆர்வில் இடது காலால் நாற்காலியை உந்திக்கொண்டு முன்னே வந்து, இடது கையை எட்டி, தீப்பொறி போகும் வயரைப் பிடுங்கினான்.

"டேய், விடுடா! என்னடா பண்றே?"

மார்லிஸ் இறங்கி வந்தாள். "உனக்குப் பிடிக்கலன்னு தெரியும் ஆர்வில். உன் சத்தம் போயிடும், அதானே? என்னய ஒரு நாள், ஒரே ஒரு நாள் விடேன்."

"இல்ல," என்றான் அவன். "இல்ல, இல்ல." வயரை மடியில் போட்டுவிட்டு, தூசி படிந்த மட்கார்டில் விரலால் ஒரு வட்டம் போட்டான். அதற்குள் இன்னொரு சின்ன வட்டம்.

"சக்கரமா? டயர்ல என்ன?" என்றான் லாய்ட்.

ஆர்வில் இல்லையென்று தலையை ஆட்டினான். வட்டத்துக்குக் கீழே விரலை வளைத்து வளைத்து மேலிருந்து கீழே இழுத்தான். கோணலாக, இடது கை போடுகிற கிறுக்கலாக, ஒரு சுருள். பிறகு வால்வு மூடியைத் தட்டினான்.

லாய்ட் அந்தத் தூசியை உற்றுப் பார்த்தான். வால்வு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் குனிந்தான்.

"அடப்பாவி," என்றான் நிமிர்ந்து. "ரெட்டை ஸ்பிரிங். எப்ப போட்ட? எனக்காகத்தானே போட்ட?"

ஆர்வில் வேறு பக்கம் பார்த்தான். லாய்டுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "கிளப்பியிருந்தா இன்ஜினே போயிருக்கும் மார்லிஸ்," என்றான். அன்றைக்கே சொன்னானே, அந்த வியாழக்கிழமை, என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

லாய்ட் கேட்லாக்கை எடுத்து ஆர்விலின் மடியில் விரித்தான். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை. "எப்படியும் கழட்டத்தான் போறேன். கேமையே மாத்தணும்னாலும் இப்பவே சொல்லு. நீ எதுங்கிற?"

நடுத்தரக் கேமின் பக்கத்தை ஆர்வில் வெகுநேரம் பார்த்தான். அதன் அளவுகளைப் படிக்கும்போதே காதில் சத்தம் கேட்டது. மார்லிஸ் கோட்டைக் கழற்றாமல் நின்றாள். லாரியின் முகப்பு நினைவுக்கு வந்தது, அசையாமல் கிடந்த கையும். ஆர்வில் விரலை நகர்த்தி, ஏற்கெனவே உள்ளே இருந்த சாதுவான கேமின் மேல் வைத்தான்.

உள் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்ப மறுநாள் மத்தியானமாகிவிட்டது. சீராக ஓடியது. ஓர் உதறல் இல்லை, ஒரு இருமல் இல்லை. அந்த அமைதியை ஆர்விலுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யார் வண்டியோ தன் ஷெட்டில் நிற்பதுபோல இருந்தது.

மார்லிஸ் வாசல்வரை மெதுவாக ஓட்டி, ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். வண்டி கச்சிதமாக நின்றது. கண்ணாடியை இறக்கி, "இருட்டறதுக்குள்ள வந்திடறேன்," என்றாள். வண்டி சரளைக்கல் பாதையில் இறங்கி, சோளக்கட்டைகளுக்கு நடுவே சிறுத்துக்கொண்டே போயிற்று. வளைவு தாண்டியதும் சத்தமும் கேட்கவில்லை.

லாய்ட் கதவை இழுத்துச் சாத்தி, ஹீட்டரை ஆர்விலின் பக்கம் திருப்பிவைத்தான்.